மூன்றாவது கைக்கு ஒரு கட்டம்

எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு நாற்பதாம் நாள் தலைக்கு ஊற்றும்போது இடது விலாவுக்குக் கீழே மூன்றாவது கை முளைக்கும். முதலில் பச்சை மிளகாய் அளவுக்குத்தான் இருக்கும், பிள்ளை பால் குடிக்கக் குடிக்க அதுவும் வளர்ந்து மூன்று மாதத்தில் மற்ற இரண்டு கைகளோடு சமமாகிவிடும், பிள்ளை பால் மறந்த அன்றைக்கு முருங்கைப் பூ உதிர்கிற மாதிரி வலியில்லாமல் விழுந்துவிடும். விழுந்த கை மூன்று நாளில் அரளி மொட்டு அளவுக்குச் சுருங்கிப்போகும், அதை மஞ்சள் துணியில் சுற்றி நொய்யல் ஆற்றில் விட்டுவிட்டு வந்து தலை முழுகினால் அதோடு சரி. இதில் யாருக்கும் ஆச்சரியம் கிடையாது. வளையல்காரர் பிள்ளைக்காரிகளுக்கு மட்டும் மூன்று டஜனாக எடுத்துக் கட்டுவார், டெய்லர் கேட்காமலே ஜாக்கெட்டின் இடப்பக்கம் ஒரு சந்து விட்டுத் தைப்பார், பஸ்ஸில் கண்டக்டர், "அந்தக் கையிலயும் கம்பியப் புடிங்க அம்மிணி, வளைவு வருது" என்பார், மாமியார்மார்கள் இரண்டு கையால் மட்டும் வேலை செய்கிற மருமகளைப் பார்த்து, "மூணாவது என்ன, விருந்துக்கு வந்திருக்குதா?" என்று கேட்பார்கள்.

கம்பெனிக்குள் மட்டும் அந்தக் கை கிடையாது.

கம்பெனி என்றால் சென்னியப்பன் ஐயாவின் பெட்ஷீட் கம்பெனி, நாங்கள் அவரைப் பெரியவர் என்போம். கேட்டைத் தாண்டினதும் பிள்ளைக்காரிகள் எல்லாரும் நீலக் கோட்டை மாட்டி, மூன்றாவது கையை மடக்கி உள்ளே வைத்துப் பட்டன் போட்டுக்கொள்வோம். பெரியவருக்குத் தெரியாதா என்றால் தெரியும், அவரையும் ஒருத்தி பெற்றவள்தானே, ஆனால் தெரிந்ததாக அவரும் காட்டிக்கொள்ள மாட்டார், இருப்பதாக நாங்களும் காட்டிக்கொள்ள மாட்டோம், அப்படி ஒரு மரியாதை நடுவில் இருந்தது. மடிப்புப் பகுதிக்கு மூத்தவளான பாப்பாத்தியக்கா, புதிதாக வருகிற ஒவ்வொருத்தியிடமும் முதல் நாளே சொல்லிவிடுவாள்: "அந்தக் கை உன்ற புள்ளைக்கு. இவங்க கண்ணுல பட்டுதுன்னா அதுக்கும் ஒரு வேலை வெச்சிருவாங்க. மறைச்சு வெச்சுக்க."

மறைத்து வைத்து அதை என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன். டபுள் பெட்ஷீட்டை மடிக்க நான்கு கை வேண்டும், அதனால் மேஜைக்கு இரண்டு பேர், என் மேஜையில் நானும் செல்வராணியும். எனக்குப் பெண், வர்ணிகா. அவளுக்குப் பையன். இரண்டு பிள்ளைகளும் கேன்டீனுக்குப் பின்னால் தொட்டில் ரூமில் பழைய சேலைத் தூளியில் கிடப்பார்கள். செல்வராணி பால் கொடுக்கப் போனால் நான் கோட்டின் பட்டனைக் கழற்றுவேன், இரண்டு கை இரண்டு முனையைப் பிடிக்கும், மூன்றாவது கை நடுமடிப்பைப் பிடிக்கும், ஆள் இல்லாத பக்கத்தை மேஜை பார்த்துக்கொள்ளும். நான் போனால் அவள் அப்படியே. நாளுக்கு இரண்டு அரைமணி, ஒருநாளும் மடிப்பு எண்ணிக்கை குறைந்ததில்லை. பிள்ளைகள் வயிறு நிறைந்து தூங்கின, போர்வைகள் கப்பலேறின, யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

எலிதான் எல்லாவற்றையும் கெடுத்தது. கிடங்கில் மூன்று வருஷமாக யாருக்கும் தெரியாமல் கிடந்த நானூறு போர்வையை ஒருநாள் எலி கடித்து வெளியே இழுத்துப் போட்டுவிட்டது. அவை இல்லை என்று சொல்லித்தான் ஒரு வெளிநாட்டுக்காரருக்கு நானூறு போர்வை புதிதாக நெய்து, நாள் தவறி அனுப்பி, அவரும் கோபித்துக்கொண்டு போயிருந்தார். பெரியவர் அந்த எலிப் புழுக்கை மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, "என்ற கம்பெனியில என்ன இருக்குதுன்னு எலிக்குத் தெரியுது, எனக்குத் தெரியல" என்றார். அடுத்த வாரமே, எங்கே என்ன இருக்கிறது, யார் என்ன செய்கிறார்கள் என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டுகிற சாஃப்ட்வேர் வாங்குவது என்று முடிவாகி, எதை வாங்கலாம் என்று பார்த்துச் சொல்ல கோயமுத்தூரிலிருந்து கிருபாகரன் வந்தார்.

கிருபாகரன் மற்றவர்கள் மாதிரி இல்லை. மிரட்ட மாட்டார், வேகமாகப் பேச மாட்டார். பச்சை அட்டை போட்ட நோட்டோடு ஒவ்வொரு மேஜையாக வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "உங்களுக்கு இதுல என்ன வேணும்னு நீங்கதான் சொல்லோணும். நீங்க சொல்றது எல்லாம் எதுல இருக்குதோ அதத்தான் வாங்கப் போறோம்" என்பார். கட்டிங்கில் கேட்டார், தையலில் கேட்டார், டீ கொண்டுவருகிறவரிடம்கூடக் கேட்டார், அவர், "சாஃப்ட்வேர் டீ குடிக்குமுங்களா, இப்பவே சொல்லிருங்க, பால் சேத்தி வாங்கோணும்" என்று கேட்டுச் சிரிக்க வைத்தார். மடிப்புப் பகுதியில் மட்டும் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பாப்பாத்தியக்கா, "எல்லாம் நல்லாத்தானுங் இருக்குது" என்று நான்கு நாளும் அதையே சொன்னாள்.

ஐந்தாம் நாள் செல்வராணி பால் கொடுக்கப் போயிருந்தபோது அவர் என் எதிரே வந்து உட்கார்ந்தார். நான் அவசரமாகப் பட்டனைப் போட்டேன். எனக்கு ஆள் முகத்தைப் பார்த்துப் பேச வராது, சின்ன வயதிலிருந்தே அப்படி, ஆறாவதில் வாத்தியார் எழுந்து படிக்கச் சொன்னதற்கு அழுதவள், அதோடு பள்ளிக்கூடம் போகாதவள். வீட்டுக்காரர் ஏதாவது கேட்டாலே சுவரைப் பார்த்துப் பதில் சொல்வேன். கிருபாகரன், "அம்மிணி, உன்ற பேரு துளசிமணிதான?" என்றார். தலையாட்டினேன். அதை எழுதினார். "என்ன மடிக்கற?" என்றார். "டபுளுங்" என்றேன். அதையும் எழுதினார். எழுதினதை எனக்கே வாசித்துக் காட்டினார். நான் சொன்ன ஒரு சொல்லை ஒரு ஆள் பேனாவை எடுத்துக் காகிதத்தில் எழுதி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"உனக்கு என்ன வேணும்னு சொல்லு அம்மிணி. தப்பா நெனைக்க மாட்டேன்."

"புள்ளைக்குப் பால் குடுக்கற நேரத்த..." என்றேன். "சொல்லு." "அத ஒளிச்சு வெக்காம, எழுதியே வெச்சாங்கன்னா நல்லா இருக்குமுங். திருடற மாதிரி இருக்குதுங், போறப்ப எல்லாம்."

அவர் எழுதினார். பிறகு மெதுவாக, "ஒருத்தி போனா இன்னொருத்தி தனியா டபுள எப்படி மடிக்கறா?" என்று கேட்டார், அந்தக் குரலில் குற்றம் கண்டுபிடிக்கிற தொனி கொஞ்சமும் இல்லை, காய்ச்சல்காரியைத் தொட்டுப் பார்க்கிற குரல் அது. நான் சொல்லவில்லை. என் வாய் சொல்லவில்லை. கோட்டின் பட்டன் தானாகக் கழன்று மூன்றாவது கை வெளியே வந்து, கூச்சத்தோடு, அவர் கையிலிருந்த பேனாவைத் தொட்டது.

அவர் பயப்படவில்லை. சிரித்தார். நோட்டில் ஒரு கட்டம் போட்டார். "எழுதிட்டேன் அம்மிணி. இதுக்கு எடம் இருக்கற சாஃப்ட்வேராப் பாத்துத்தான் வாங்குவோம்."

அன்றைக்குச் சாயங்காலம் பாப்பாத்தியக்கா என் முகத்தைப் பார்த்ததுமே, "சொல்லிட்டயாடி?" என்றாள். நான் சுவரைப் பார்த்தேன்.

பிறகு சாஃப்ட்வேர்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, வெள்ளைச் சுவரில் படம் காட்டினார்கள். ஆறு பேர் வந்ததில் நான்கு பேரைக் கிருபாகரன் கழித்துவிட்டார், ஒன்று தமிழ் பேசாது, ஒன்று போர்வை என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது, இப்படி. கடைசியில் இரண்டு நின்றன. ஒன்றில் ஒரு ஆளுக்கு இரண்டு கை, அதற்கு மேல் இடமே இல்லை. இன்னொன்றில் எத்தனை கை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம், ஒவ்வொரு கைக்கும் தனிக் கட்டம், தனி விரல்ரேகை. பெரியவர் மகன் ஒன்று என்றார், கணக்குப்பிள்ளை இன்னொன்று என்றார், ஒரு மாதம் பேசிப் பேசி டீ டம்ளர்கள்தான் அடுக்காயின. ஒருநாள் பெரியவர் மேஜையைத் தட்டி, "போதும். அம்மங்கிட்டப் பூவாக்குக் கேட்டரலாம்" என்றார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதும் கிணறு வெட்டுவதும் எங்கள் பக்கம் பூவாக்கில்லாமல் நடக்காது, வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், ஒரே மாதிரி கட்டி அம்மன் முன்னால் வைத்துப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொன்னால், எடுத்தது அம்மன் சொன்ன சொல். சாஃப்ட்வேருக்கு மட்டும் அம்மன் சொல்ல மாட்டாளா என்ன.

இரண்டு கை சாஃப்ட்வேருக்கு வெள்ளை அரளி. எத்தனை கையும் சேர்க்கிற சாஃப்ட்வேருக்குச் செவ்வரளி. பொட்டலத்தை யார் கட்டுவது என்று வந்தபோது, "நானே கட்டறனுங், நான் ரெண்டு பக்கமும் சேராதவன்" என்றார் கிருபாகரன். வாழையிலையில் மடித்து வாழைநாரில் கட்டி ஆபீஸ் ரூமில் அம்மன் படத்துக்கு முன்னால் வைத்தார். எடுக்கிற பிள்ளைக்கு என் வர்ணிகாவைத்தான் கூப்பிட்டார், "என்ற அம்மிணி மக" என்று. எல்லார் முன்னாலும் அப்படிச் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது, இதை மறைத்து என்ன ஆகப்போகிறது. வர்ணிகா தத்தித் தத்திப் போய் ஒரு பொட்டலத்தைத் தூக்கி வாயில் வைக்கப் பார்த்தாள். பெரியவர் வாங்கிப் பிரித்தார். செவ்வரளி. தேங்காய் உடைத்தார்கள்.

கணக்குப்பிள்ளை மற்றப் பொட்டலத்துக்குக் கையை நீட்டினார். கிருபாகரன் சட்டென்று அதை எடுத்து அம்மன் படத்துக்குப் பின்னால் இருந்த பித்தளைச் சொம்புக்குள் போட்டுவிட்டு, அதே மெதுவான குரலில், "எடுக்காத பொட்டலத்தப் பிரிக்கக் கூடாதுங். சாமி குத்தம்" என்றார். பூவாக்கு தெரிந்த எங்களுக்கே அப்படி ஒரு சாத்திரம் தெரியாது. ஆனால் படித்தவர், அவருக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டோம்.

சாஃப்ட்வேர் வந்தது. கேட்டில் விரல் வைக்கிற மிஷின், மேஜைக்கு மேஜை ஒரு சின்ன டிவி. முதல் நாள் எல்லாரும் வரிசையில் நின்று ரேகை கொடுத்தோம், பிள்ளைக்காரிகளைக் கோட்டைக் கழற்றி மூன்று கையையும் வைக்கச் சொன்னார்கள். மூன்று கை உள்ளவள் ஒருத்தியே டபுள் மடிப்பாள் என்று அதற்குத் தெரிந்திருந்தது, அதனால் மேஜைக்கு ஒருத்தி போதும் என்றது, என்னையும் செல்வராணியையும் பிரித்துப் போட்டது. நான் கேட்டதையும் மறக்கவில்லை, பால் கொடுக்கிற நேரத்துக்கு ஒரு கட்டம் உண்மையாகவே இருந்தது. தொட்டில் ரூமுக்குப் போனால் அந்தக் கட்டம் சிவப்பாகி, மூன்று கை அரைமணி சும்மா என்று எழுதிக்கொண்டது. முன்பெல்லாம் திருடுகிற மாதிரி போனேன், இப்போது திருடி என்று பலகை மாட்டிக்கொண்டு போனேன். நாங்கள் போவதைக் குறைத்தோம், நாளுக்கு ஒருதரம் போனோம், பிறகு அதுவும் கேட்டுக் கேட்டுப் போனோம். தூளியில் பிள்ளைகள் அழுகிற சத்தம் கேன்டீனைத் தாண்டி எங்கள் மேஜை வரைக்கும் வரும், அப்போது எல்லா மூன்றாவது கைகளும் போர்வையை விட்டுவிட்டு அந்தத் திசைக்கு ஒருதரம் நீளும், பிறகு டிவியைப் பார்த்துத் திரும்பும்.

ஐந்தாம் மாதம் செல்வராணியின் பையன் பால் மறந்தான், கை விழுந்தது, அவள் வழக்கம் போல ஆற்றில் விட மஞ்சள் துணியில் சுற்றிவைத்துவிட்டு வேலைக்கு வந்தாள். கேட்டு மிஷின், "வருகை முழுமையில்லை" என்று ஒரு பொம்பளைக் குரலில் சொன்னது. எத்தனை தரம் வைத்தாலும் அதையே சொன்னது. கிருபாகரனைக் கூப்பிட்டார்கள், அவர் இப்போது கம்பெனியிலேயே தனி ரூமில் இருந்தார். "இதுல கையச் சேத்தறதுக்குத்தான் எடம் இருக்குது, குறைக்கறதுக்கு இல்லீங். மூணுன்னு இருந்தா மூணுதான்" என்றார். செல்வராணி கேட்டுக்கு வெளியே வெயிலில் மூன்று நாள் நின்றாள். பிறகு வரவில்லை.

அதிலிருந்து எங்கள் ஊரில் யாரும் பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கவில்லை. அதுவரை மார்பில் வேப்பெண்ணெய் தடவிய பெண்கள் நாட்டுச் சர்க்கரை தடவினார்கள். மூன்று வயதுப் பிள்ளைகள் அங்கன்வாடியிலிருந்து வந்து, வேண்டாம் வேண்டாம் என்று ஓட, தாய்மார்கள் துரத்திப் பிடித்துப் பால் கொடுத்தார்கள். டெய்லர் சந்து விட்டுத் தைத்த ஜாக்கெட்டையே திரும்பத் திரும்பத் தைத்தார். என்னிடம் மடிப்புப் பகுதியில் யாரும் பேசவில்லை. "பூவ எடுத்தது இவ மக, கையக் காட்டுனது இவ" என்று என் காதில் விழுகிற மாதிரி சொன்னார்கள். பாப்பாத்தியக்கா சோற்றுப் போசியைத் திறக்கும்போது எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நான் ஒருதரம், எங்கிருந்து வந்ததோ தைரியம், கிருபாகரன் ரூம் வாசலில் போய் நின்றேன். "நீங்க சொன்னீங்களேங்" என்றேன். அவர் நிமிர்ந்து, கோபமே இல்லாமல், "நீ கேட்டது இருக்குதே அம்மிணி" என்றார். பச்சை நோட்டைத் திறந்து காட்டினார். என் சொல் அப்படியே இருந்தது, ஒரு எழுத்து மாறவில்லை.

அடுத்து வந்த சரஸ்வதி பூசைக்கு மூன்று நாள் முன்னால், இரண்டு வயது தாண்டியிருந்த வர்ணிகா என் முகத்தைத் தள்ளிவிட்டு, "ச்சீ, வேண்டாம்" என்றாள். நாட்டுச் சர்க்கரையை மட்டும் நக்கிவிட்டு விளையாடப் போனாள். அன்றைக்கே கை விழுந்தது.

கேட்டு மிஷின் என்னை உள்ளே விட்டிருக்காது. ஆனால் பூசைக்கு முதல் நாள் மிஷின்களுக்கெல்லாம் லீவு, கேட்டு மிஷினையும் துடைத்துச் சந்தனப் பொட்டு வைப்பதற்காக நிறுத்திவிடுவார்கள். கூட்டிக் கழுவுகிற பெண்களோடு நானும் உள்ளே போனேன். ஆபீஸ் ரூம் என் பங்குக்கு வந்தது. அம்மன் படத்தை எடுத்துத் துடைத்து, பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் தேய்க்கக் கவிழ்த்தேன். வாழையிலைப் பொட்டலம் விழுந்தது, சருகாகி, நார் கட்டினபடியே. நான் பிரித்தேன். சாமி குத்தம் என்று தெரிந்தேதான் பிரித்தேன்.

வெள்ளை அரளி காய்ந்தால் பழுப்பாகும். இது ரத்தம் காய்ந்த நிறத்தில் இருந்தது. செவ்வரளி.

இரண்டிலும் சிவப்பு. என் பிள்ளை எதை எடுத்திருந்தாலும் அதுதான். வாட்ச்மேன் எப்போதோ சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது: அந்த சாஃப்ட்வேர்காரரும் கிருபாகரனும் ஒரே காரில் வந்து, கேட்டுக்கு முந்தின வேப்பமரத்தடியில் ஒருத்தர் மட்டும் இறங்கி நடந்து வருவாராம். ஆறு பேரைக் கூப்பிட்டது, நான்கு பேரைக் கழித்தது, மேஜை மேஜையாக உட்கார்ந்து எழுதினது, எல்லாமே முடிவான பிறகு நடந்தது. நான் வாய் திறந்திருக்காவிட்டாலும் நடந்திருக்கும். அது எனக்கு ஆறுதலாக இருக்க வேண்டும், இல்லை. ஒருத்தர் கேட்டார் என்று நான் சொன்னேன், அவர் கேட்கவே இல்லை.

பொட்டலத்தைத் திரும்பக் கட்டி மடியில் செருகிக்கொண்டு நேராகச் செல்வராணி வீட்டுக்குப் போனேன். அவள் கதவைத் திறந்து, "என்ன, இன்னும் என்ன சொல்றதுக்கு பாக்கி இருக்குது?" என்றாள். நான் மடியிலிருந்ததைக் காட்டினேன். சருகைப் பிரித்து உள்ளே இருந்த சிவப்பைப் பார்த்தாள். ஆற்றில் விட மனசில்லாமல் பரணில் வைத்திருந்த அவள் கையை நான் கேட்டேன். எதற்கு என்று கேட்காமலே எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் பூசை. கம்ப்யூட்டருக்கெல்லாம் விபூதிப் பட்டை போட்டு, பொரி கடலை வைத்து, கேட்டு மிஷினுக்கு ஒரு கதம்பம் சாத்தி இருந்தார்கள். மடிப்பு, தையல், கட்டிங் எல்லாரும் ஆபீஸ் ரூமிலும் வாசலிலுமாக நின்றார்கள். தீபாராதனை முடிந்ததும் நான் வர்ணிகாவைக் கூட்டிக்கொண்டு முன்னால் போனேன்.

"ஐயா, எனக்கொரு பூவாக்கு வேணுமுங்."

பூசை நாளில் பூவாக்குக் கேட்கிறவளை வேண்டாம் என்று எங்கள் பக்கம் யாரும் சொல்ல மாட்டார்கள். பெரியவர், "கேளு சாமி" என்றார். நான் இரண்டு பொட்டலத்தை அம்மன் முன்னால் வைத்தேன். "ஒண்ணுல வெள்ளப் பூ. அது வந்தா நான் இப்படியே போயர்றனுங். இன்னொண்ணுல என்ற விழுந்த கை. அது வந்தா, கை விழுந்தவங்கள ரெண்டு கைன்னு எழுதி உள்ள விடோணும், செல்வராணியையும். பால் நேரத்த எழுதவே கூடாது."

வாழ்நாளில் நான் சேர்ந்தாற்போல் பேசினது அவ்வளவுதான். பின்னால் பாப்பாத்தியக்கா மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது.

இரண்டு பொட்டலத்திலும் கைதான். ஒன்று என்னுடையது, ஒன்று செல்வராணியுடையது.

கிருபாகரன், "ஐயா, சாஃப்ட்வேர்ல அப்படியெல்லாம்..." என்று ஆரம்பித்தார். பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். வர்ணிகா போனாள், இப்போது தத்தவில்லை, நன்றாகவே நடந்தாள், இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்தாள். பெரியவர் பிரித்தார். மொட்டு அளவுக் கை அவருடைய உள்ளங்கையில் கிடந்தது, கிடந்து, மெல்ல விரித்து, அவருடைய கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. அவர் அதைப் பார்த்தபடியே நின்றார், அறுபத்தைந்து வயது ஆள், யாருடைய கையை நினைத்தாரோ.

"கிருபா. ரெண்டுன்னு மாத்து."

"குறைக்கறதுக்கு அதுல வழி இல்லீங்களே ஐயா."

"வழி இல்லாட்டி மிஷினக் கழட்டிட்டுப் போ."

கிருபாகரன் என்னைப் பார்த்தார், பிறகு எடுக்காத பொட்டலத்தைப் பார்த்தார். ஒரு பொட்டலம் கட்டினவனுக்கு இன்னொரு பொட்டலத்தின் கனம் தெரியும். கையை நீட்டினார். நான் மடியிலிருந்த சருகுப் பொட்டலத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன், அவர் கட்டின அதே வாழைநாரோடு.

"எடுக்காத பொட்டலத்தப் பிரிக்கக் கூடாதுங்" என்றேன். "சாமி குத்தம். நீங்க சொன்னதுதானுங்."

நீட்டின கை அப்படியே நின்றது. பிறகு திரும்பிப் போனது.

இரண்டு பொட்டலத்தையும் நான் மடியில் போட்டுக்கொண்டேன். வாசலில் பாப்பாத்தியக்கா வர்ணிகாவுக்கு ஒரு கைப் பொரி கொடுத்தாள், எனக்கு முதுகைக் காட்டாமல் வழி விட்டாள். செல்வராணியிடம் சொல்ல நொய்யல் பாலத்து வழியாக நடந்தோம். பாதி தூரத்தில் வர்ணிகா என் மடியைத் தொட்டு, "அம்மா, நான் எடுக்காததுல வெள்ளப் பூதான இருந்துச்சு?" என்றாள்.

"ஆமாங் கண்ணு."

"காட்டு."

"பிரிக்கக் கூடாது அம்மிணி" என்றேன், மெதுவாக, காய்ச்சல்காரியைத் தொட்டுப் பார்க்கிற குரலில். சொன்ன பிறகுதான் அது யாருடைய குரல் என்று எனக்குத் தெரிந்தது. அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்து, நம்பி, பொரியைத் தின்றுகொண்டே வந்தாள்.